ஊர் வளர்ந்தது; மின்பாதை வளர்ந்ததா?

கோடையில் வந்த ரமழான்களை நாம் மறந்திருக்க மாட்டோம். ஸஹருக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது மேலே மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றும். ட்யூப்லைட் கண் சிமிட்டும். ஃப்ரிட்ஜுக்குப் போட்ட ஸ்டெபிலைசர் ‘டிக்’ என்ற சத்தத்தோடு அணைந்துகொள்ளும். தொட்டியில் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டால் அது உறுமுமே தவிர ஓடாது. “கரண்ட் இருக்கு, வோல்டேஜ்தான் இல்லை” என்பது நம் ஊர்களில் பழகிப்போன பேச்சு.

ரமழான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்து இப்போது குளிர் மாதங்களை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் ஏப்ரலும் மே மாதமும் நகரப் போவதில்லை. பிள்ளைகளின் தேர்வுகளும் திருமண வீடுகளும் விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து வரும் உறவுகளும் அந்த மாதங்களில்தான். இந்தச் சிரமம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கு நாம் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: “மின்சாரம் பற்றவில்லை.” ஒரு காலத்தில் அது உண்மை. இன்று அது பாதி உண்மைகூட இல்லை. இன்றைக்கு நம் ஊர்களில் குறைவாக இருப்பது மின்சாரத்தைவிட, அது வந்து சேரும் பாதை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாத வரை நாம் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியாது, நம் பக்கத்துத் தவறு எது என்பதும் தெரியாது.

பணம் இருந்தும் வாங்க முடியாத காலம்

2008 முதல் சில ஆண்டுகள் தமிழகம் பட்ட பாட்டை இன்றைய இளைஞர்களும் சிறுவர்களாகப் பார்த்திருக்கிறார்கள். 2012 வாக்கில் மாநிலத்துக்கு ஏறத்தாழ 4,000 மெகாவாட் பற்றாக்குறை. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. தையல் கடை, மாவு மில், ஜெராக்ஸ் கடை என்று சிறு தொழில்கள் நொடிந்தன.

அப்போது வட மாநிலங்களில் விற்பனைக்கு மின்சாரம் இருந்தது. தமிழகம் விலை கொடுத்து வாங்கவும் தயாராக இருந்தது. ஆனால் கொண்டுவரப் போதுமான வழி இல்லை. தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்புகளோடு முழுமையாக இணைக்கப்படாமல் தனியாக நின்றது. இருந்த சில இணைப்புகள் வழியே குறைந்த அளவே தெற்கே வர முடிந்தது. 2012 ஜூலை இறுதியில் வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியா முழுவதும் இருளில் மூழ்கி 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் தவித்தபோது தெற்கு தப்பித்ததற்கும் அந்தத் தனிமைதான் காரணம்.

2013 டிசம்பர் 31 அன்று கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மராட்டியத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் பாதை இயங்கத் தொடங்கியது. தெற்கு நாட்டின் தொகுப்போடு சேர்ந்தது. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் நீளத்துக்கு, 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் நேர்மின்சாரப் பாதையும் வந்தது. கூடங்குளம் போன்ற புதிய மின்நிலையங்களும் இதே காலத்தில் சேர்ந்தன. 2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2012இல் 12,000 மெகாவாட்டுக்கே திணறிய மாநிலம் அந்தச் சுமையைத் தாங்கியது. மின்நிலையங்களுக்குச் சமமாகப் பாதைகளும் பெருகியதால்தான் அது சாத்தியமானது.

மாநிலத்துக்கு நேர்ந்த அதே கதைதான் இன்று ஊர் அளவில் நடக்கிறது.

நம் தெருவுக்கு வரும் வழி

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திறன் கொண்ட சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது. “இவ்வளவு பெரிய மின்நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, நமக்கு ஏன் லோ வோல்டேஜ்?” என்று அந்தப் பக்கத்து மக்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே உற்பத்தியாவது 400 கிலோவோல்ட் துணை மின்நிலையம் வழியாக மாநிலத்தின் பொதுத் தொகுப்பில் கலக்கிறது. நம் வீட்டுக்கு வருவது அந்தத் தொகுப்பிலிருந்து படிப்படியாக இறங்கி வருவது: 400, பிறகு 230, பிறகு 110 கிலோவோல்ட். அதன்பின் 33 அல்லது 11 கிலோவோல்ட். கடைசியாகத் தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மரில் வீட்டுக்குரிய 230, 240 வோல்ட்.

இந்த ஏணியில் எந்தப் படி பலவீனமோ அந்த அளவுக்குத்தான் மின்சாரம் கிடைக்கும். நம் ஊர்களில் பெரும்பாலும் பலவீனமாக இருப்பவை கீழ்ப்படிகள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுத்தர வீட்டில் நான்கு ட்யூப்லைட், மூன்று மின்விசிறி, ஒரு டிவி, ஒரு ஃப்ரிட்ஜ். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் முக்கால் கிலோவாட்டைத் தாண்டாது. அப்படிப்பட்ட 100 வீடுகளுக்கு 100 கேவிஏ ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும். இன்று அதே 100 வீடுகளில் 40 வீட்டார் இரவில் ஆளுக்கு ஓர் ஏசி போட்டால்கூட, ஏசிக்கு ஒன்றரை கிலோவாட் வீதம் 60 கிலோவாட் கூடுகிறது. ட்ரான்ஸ்ஃபார்மர் தாங்கக்கூடிய எல்லையைத் தெரு தாண்டிவிட்டது. இதில் மாடிக்கு மேல் மாடி கட்டியதையும், காலி மனைகள் வீடுகளானதையும், வாசலில் சார்ஜ் ஏறும் மின்சார ஸ்கூட்டரையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை.

வளைகுடா வருமானம் நம் ஊர்களின் முகத்தை மாற்றியது. அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துகிறோம். ஓட்டு வீடு மூன்று மாடியானது. ஆனால் வாசலில் ஓடும் கம்பி பெரும்பாலான இடங்களில் ஓட்டு வீட்டுக் காலத்துக் கம்பிதான்.

மேம்படுத்துவது என்றால் என்ன?

“லைனை மாற்றுங்கள்” என்று மனு கொடுக்கிறோம். எந்த லைனை, எப்படி மாற்ற வேண்டும் என்பது தெரிந்தால் மனுவுக்கு வலு கூடும்.

முதல் வழி, தெருவிலேயே கூடுதல் ட்ரான்ஸ்ஃபார்மர் வைப்பது அல்லது 100 கேவிஏ இருக்கும் இடத்தில் 250 கேவிஏ வைப்பது. செலவும் காலமும் குறைவு. பெரும்பாலான லோ வோல்டேஜ் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, ஃபீடரைப் பிரிப்பது. துணை மின்நிலையத்திலிருந்து ஊர் முழுவதற்கும் ஒரே ஃபீடர் ஓடினால், எங்கோ ஓரிடத்தில் மரக்கிளை விழுந்தாலும் ஊரே இருட்டாகும். இரண்டாகப் பிரித்தால் சுமையும் பாதியாகும், பாதிப்பும் பாதியாகும்.

மூன்றாவது, ஊருக்கு வரும் பாதையின் அழுத்தத்தையே உயர்த்துவது. 33 கிலோவோல்ட் பாதையை 110 கிலோவோல்ட்டாக மாற்றினால், அதே அளவு மின்சாரத்தைக் கொண்டுவரக் கம்பியில் ஓட வேண்டிய மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைகிறது. கம்பி சூடாகி வீணாகும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரே தடிமன் கம்பியில் அந்த இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. வளரும் ஊருக்கு 110 கிலோவோல்ட் துணை மின்நிலையம் வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

நான்காவது, இருக்கும் கோபுரங்களிலேயே பழைய கம்பிகளை இறக்கிவிட்டு, அதிக வெப்பத்தைத் தாங்கும் புதிய வகைக் கம்பிகளை ஏற்றுவது. இதனால் ஏறத்தாழ இரு மடங்கு மின்சாரம் கொண்டுவரலாம். புதிதாக நிலம் தேவையில்லை என்பது இதன் பெரிய நன்மை.

மேல்படியை மட்டும் சரிசெய்துவிட்டுக் கீழ்ப்படியை விட்டால் பயனில்லை. துணை மின்நிலையத் திறப்பு விழா நடந்த பிறகும் தெருவில் லோ வோல்டேஜ் தொடர்வதற்கு இதுதான் காரணம்.

யார் நிலத்தில் கோபுரம்?

கம்பி காற்றில் தொங்கினாலும் அது யாரோ ஒருவருடைய நிலத்தின் மேல்தான் போகிறது. ராய்கர் – புகளூர் பாதை வந்தபோது 2018இல் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்ட விவசாயிகள் போராடியதை நாம் செய்திகளில் பார்த்தோம். நிலத்தடியில் கேபிளாகக் கொண்டுபோங்கள் என்று கேட்டார்கள். புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் பாதையில் கேரளப் பகுதியின் ஒரு பாகம் நிலத்தடியில்தான் போகிறது என்பதைச் சுட்டிக்காட்டினார்கள்.

அவர்களுடைய வேதனைக்குக் காரணம் இருந்தது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலுள்ள அதிகாரத்தை மின்பாதை அமைப்போருக்கு வழங்க இடமளிக்கிறது. அதன்படி நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. பட்டா உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். ஆனால் கோபுரம் நிற்கும் இடம் பயன்படாது. கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது. பெயருக்கு நிலம் நம்முடையது, பயனுக்கு இல்லை.

2015இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுர அடிப்பகுதிக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி செல்லும் தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் இழப்பீடு என்றது. 2024 ஜூனில் இது 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. ஓர் எடுத்துக்காட்டு: சென்ட் 50,000 ரூபாய் மதிப்புள்ள நிலத்தில் 5 சென்ட் கோபுரத்துக்கும் 50 சென்ட் தடத்துக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் கிடைப்பது அதிகபட்சம் 5,87,500 ரூபாய். புதிய கணக்கில் 12,50,000 ரூபாய். ஆனால் இது வழிகாட்டுதல்தான். மாநிலத்துக்குள் செல்லும் பாதைகளுக்கு மாநில அரசு ஏற்று ஆணையிட்டால்தான் விவசாயியின் கைக்கு வரும். இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்தை அணுகவும் சட்டத்தில் வழி உண்டு.

நமக்கு இது ஏன் தேவை? நம் வீட்டு ஏசி ஓடுவதற்கு வேறு ஒருவருடைய தென்னந்தோப்பு வழிவிட்டிருக்கிறது. அவருக்கு நியாயமான விலை கிடைத்ததா என்று கேட்பதும் நம் கடமை. வேகமாகப் பாதை வேண்டும் என்று கேட்கும் அதே வாயால், பாதைக்கு இடம் கொடுத்தவருக்கு உரியதைக் கொடுங்கள் என்றும் கேட்க வேண்டும். இழப்பீட்டில் வஞ்சனை இருந்தால் வழக்கும் போராட்டமும் வரும்; பாதையும் தாமதமாகும். நீதியும் வேகமும் இங்கே ஒரே பக்கத்தில்தான் நிற்கின்றன.

“எங்கள் வீட்டு வாசலில் வேண்டாம்”

இனி நம் பக்கம் பார்ப்போம். ட்ரான்ஸ்ஃபார்மர் கேட்டு மஹல்லாவில் கூடிப் பேசுகிறோம். நூறு பேர் கையெழுத்துப் போடுகிறோம். ஈபி ஊழியர்கள் இடம் பார்க்க வருகிறார்கள். உடனே ஆரம்பிக்கிறது: “எங்கள் வாசலில் வேண்டாம்”, “நாளைக்கு நான் கடை கட்டப் போகிறேன்”, “எதிர்ப்பக்கம் வையுங்கள்”. வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் வேறு தெருவுக்குப் போகிறது. அடுத்த கோடையில் அதே நூறு பேர் அதே மனுவில் மீண்டும் கையெழுத்துப் போடுகிறோம். இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை; நம் கண்முன் நடப்பதைத்தான் சொல்கிறோம்.

துணை மின்நிலையத்துக்கோ ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும். அதுவும் சாலையை ஒட்டி, தண்ணீர் தேங்காத இடமாக. மனை விலை ஏறிக் கிடக்கும் ஊரில் அந்த இடத்தை இன்று ஒதுக்காவிட்டால் பத்து ஆண்டுக்குப் பிறகு எந்த விலைக்கும் கிடைக்காது. பள்ளிக்கூடத்துக்கும் மைய வாடிக்கும் இடம் பார்க்கும் ஊர்ப் பெரியவர்கள், இதற்கும் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இரண்டாவது தவறு, சொல்லாத லோடு. பழைய வீட்டுக்கு வாங்கிய ஒரு கிலோவாட், இரண்டு கிலோவாட் அனுமதியை வைத்துக்கொண்டே மூன்று ஏசி ஓட்டுகிறோம். கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்தால் பணம் கட்ட வேண்டுமே என்ற தயக்கம். ஆனால் ஈபியின் கணக்கில் நம் தெரு இன்னும் பழைய தெருவாகவே இருக்கும். புதிய ட்ரான்ஸ்ஃபார்மருக்குத் தேவை இருப்பதை அவர்கள் ஏட்டில் காட்ட முடியாது. நாம் மறைத்தது நமக்கே வினையாகிறது. பக்கத்து வீட்டாரின் பங்கையும் சேர்த்து நாம் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

மூன்றாவது, உயிரோடு விளையாடும் தவறு. 11 கிலோவோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், கம்பி மேலே போனால் உயரத்தில் 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும். 110 கிலோவோல்ட்டுக்கு இது 2.9 மீட்டர், 4.6 மீட்டர். பால்கனியைத் தெருவுக்குள் நீட்டிக் கம்பியைக் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்துவிட்டு, பிறகு “கம்பியை மாற்றுங்கள்” என்கிறோம். ஈரத்துணி காயப்போடும் பெண்களும் மொட்டை மாடியில் விளையாடும் பிள்ளைகளும்தான் இதற்கு விலை கொடுக்கிறார்கள். பாதையை மேம்படுத்த வருபவர்களுக்கும் இந்த நீட்டிப்புகளே பெரிய தடை.

இன்வெர்ட்டர் வீடும் தகரக் கூரையும்

மின்வெட்டுக் காலத்தில் வசதியுள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினோம். அது தேவையாக இருந்தது. ஆனால் அதோடு ஊருக்காகக் குரல் கொடுப்பவர்களும் அமைதியாகிவிட்டோம். ஈபி அலுவலகம் வரை போய்ப் பேசக்கூடியவர் வீட்டில் விளக்கு எரிகிறது. தகரக் கூரைக்குக் கீழே கைக்குழந்தைக்கு விசிறிக்கொண்டிருக்கும் தாய்க்கு அங்கே போய்ப் பேசத் தெரியாது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு இணைப்பே அவர் பெயரில் இல்லை. தையல் மெஷினை நம்பி வாழும் பெண்ணுக்கு ஒரு மணி நேர மின்தடை ஒரு மணி நேரக் கூலி.

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை உள்ளிட்ட டெல்டா ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. குடிநீர்த் தொட்டியை நிரப்பவும் செல்போனுக்கு சார்ஜ் போடவும் ஜெனரேட்டரைத் தேடி மக்கள் அலைந்தார்கள். கடலோர ஊர்களில் பாதையை மேம்படுத்தும்போது கூடுதல் மின்சாரம் மட்டும் குறிக்கோளாக இருக்கக் கூடாது. அடுத்த புயலைத் தாங்கும் கம்பமும், முடிந்த இடத்தில் நிலத்தடி கேபிளும் சேர்ந்தே கேட்கப்பட வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

வெறும் கையெழுத்து மனுவைவிடக் கணக்கோடு கூடிய மனு வேகமாக நகரும். ஜமாஅத்தில் படித்த இளைஞர்கள் நாலைந்து பேர் போதும். தெருவில் எத்தனை இணைப்பு, எத்தனை ஏசி, ட்ரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் கேவிஏ எவ்வளவு என்று குறித்துக்கொள்ளலாம். மலிவான மல்டிமீட்டர் ஒன்றை வைத்து ஒரு வாரம் இரவு பத்து மணிக்கு வோல்டேஜைக் குறித்தால் அதுவே சான்று. துணை மின்நிலையத்தின் திறன், அதன்மேல் ஏறியுள்ள சுமை, திட்டமிடப்பட்ட பணிகள் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

அவசரப் புகார்களுக்கு மின்னகத்தின் 94987 94987 எண் உண்டு. அதில் தீராவிட்டால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர் என்று சட்டம் கொடுத்த படிகள் இருக்கின்றன. மனு கொடுக்கும்போதே, “இதோ ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்க இடம், அக்கம்பக்கத்தாரின் சம்மதக் கையெழுத்து” என்று சேர்த்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. கூடவே அவரவர் வீட்டுக் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துவிட்டால் மறுப்பதற்கு அலுவலகத்திடம் காரணம் இருக்காது.

பள்ளிவாசலிலிருந்தே தொடங்கலாம். நிர்வாகம் தன் இணைப்பின் லோடைச் சரியாகப் பதிவு செய்து, கூரையில் சூரிய மின்தகடு வைக்க முடியுமா என்று பார்த்து, பள்ளிவாசல் வாசல் ஓரத்தில் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு இடம் கொடுக்க முன்வந்தால், “என் வாசலில் வேண்டாம்” என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அரசு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதை உரக்கக் கேட்போம். ஆனால் பாதை கேட்கும் நாம் முதலில் வழிவிட வேண்டும். அடுத்த கோடைக்கு இன்னும் சில மாதங்கள் உள்ளன. தெருமுனைக்குப் போய் நம் ட்ரான்ஸ்ஃபார்மரில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பார்த்துவிட்டு வருவோமா?